வேங்கை மரமும் இரும்பு நாக்குகளும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கோரிமேடு தாண்டி, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். கிழக்கே அயோத்தியாப்பட்டணம் பக்கம் சுற்றி, குப்பனூர் வழியாகக் கொட்டச்சேடு போய் மேலே சேரும் இன்னொரு பாதையும் உண்டு. மழையில் மண் சரிந்து முதன்மைச் சாலை அடைபட்டால்தான் பலருக்கு அதன் நினைவு வரும். குப்பனூர்ப் பாதையைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். கூட்டம் குறைவு, வண்டியை நிறுத்தி இறங்கி மரங்களைப் பார்க்கலாம். நான் பார்க்க விரும்பியது வேங்கை மரத்தை.

பையில் ஒரு ம்பீரா இருந்தது. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் வாசிக்கும் கருவி அது. ஹராரேயில் சில காலம் வேலை பார்த்துத் திரும்பிய உறவினர் ஒருவர் கொடுத்தது. உடன் வந்த நண்பர் மோர்சிங் வாசிப்பவர், சட்டைப்பையில் மோர்சிங் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பாதவர். எங்கோ தெற்கு ஆப்பிரிக்கப் பீடபூமியில் பிறந்த ஒரு கருவியைச் சேர்வராயன் மலைக்கு ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டால், அது எந்தப் பொருள்களால் ஆனதோ அந்தப் பொருள்கள் இரண்டும் இந்த மலையைச் சுற்றியே கிடக்கின்றன என்பதுதான் என் பதில். ஒன்று மரம். இன்னொன்று இரும்பு.

குப்பனூரில் வீடுகளும் தோப்புகளும் முடிந்ததும் காடு தொடங்கிவிடுகிறது. இது சோலைக்காடு அல்ல. கோடையில் இலை உதிர்த்து, முதல் மழைக்குத் துளிர்க்கும் வறண்ட காடு. உசிலும் வெக்காலியும் நிறைய. நடுநடுவே சந்தனம். ஒரு வளைவில் வண்டியை நிறுத்திச் சரிவில் சற்று இறங்கிப் பார்த்தபோது வேங்கை நின்றது. பட்டையில் எப்போதோ யாரோ வெட்டிய இடத்தில் சிவப்பாய் வடிந்து, இறுகிக் கறுத்துப் போயிருந்தது அதன் பால். மலைக்காரர்கள் இதைக் கொட்டாங்குச்சியில் பிடித்துக் காயவைத்து, தண்ணீர் தொட்டுக் குழைத்துக் குழந்தைகளுக்குக் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். வள்ளியின் அண்ணன்மாரும் தந்தையும் வந்தபோது முருகன் உருமாறி நின்றது இந்த மரமாகத்தான் என்பது நம் கதை. பாறைமேல் உதிர்ந்த இதன் மஞ்சள் பூக்களைப் பார்த்துப் புலி என்று மயங்கியதைச் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். குறிஞ்சி நிலம் என்றாலே வேங்கை இல்லாமல் அவர்களுக்கு முடியாது.

தாவரவியலில் நம் வேங்கைக்கு டெரோகார்ப்பஸ் மார்சூப்பியம் என்று பெயர். ம்பீராவின் பலகையைச் செய்ய ஷோனாக் கைவினைஞர்கள் நாடுவது டெரோகார்ப்பஸ் அங்கோலென்சிஸ். ஒரே பேரினம், உடன்பிறந்த மரங்கள். அந்த மரத்தையும் வெட்டினால் இரத்தம்போல் பால் வடியும். அங்கேயும் அது மருந்து, சாயம். திருப்பதி மலைகளிலும் ஜவ்வாது மலைப் பக்கமும் வளரும் செம்மரமும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். கொட்டச்சேட்டில் தேநீர்க் கடையில் கருவியை வெளியே எடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெரியவர் கேட்காமலே கை நீட்டினார். கம்பிகளை அவர் முதலில் பார்க்கவில்லை. பலகையைத் திருப்பி, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தார்.

"வேங்கையாட்டம் இருக்குதுங்க தம்பி. ஆனா வேங்கை இல்ல."

"வேங்கைக்குத் தம்பி முறைங்க ஐயா. ஆப்பிரிக்காவுல வளர்றது."

"அதானே பார்த்தேன்" என்று தலையாட்டிவிட்டு, அப்புறம்தான் ஒரு கம்பியை அழுத்திப் பார்த்தார்.

அவர் அழுத்தியதும் எழுந்த ஒலியைச் சொல்வதற்கு முன் கருவியின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். ஒரே கட்டையிலிருந்து வாய்ச்சியால் செதுக்கிய பலகை. அதன்மேல் ஒரு குறுக்குக் கம்பி அழுத்திப் பிடிக்க, வரிசையாக இரும்பு நாக்குகள். சடங்குகளில் வாசிக்கும் பெரிய வகைக்கு ம்பீரா ட்ஸவட்ஸிமு என்று பெயர். முன்னோர்களின் ம்பீரா. அதில் 22 முதல் 28 வரை நாக்குகள் இருக்கும். இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு வரிசை, வலப்பக்கம் ஒன்று. இடது கட்டைவிரல் இடப்பக்கத்து இரண்டு வரிசைகளையும் பார்த்துக்கொள்ளும். வலது கட்டைவிரல் வலப்பக்கத்தின் உட்புற நாக்குகளைக் கீழ்நோக்கி அழுத்தும். வலது சுட்டுவிரலோ வெளிப்புற நாக்குகளை அடியிலிருந்து மேல்நோக்கித் தெறிக்கும். பலகையின் கீழ்மூலையில் ஒரு துளை. அதற்குள் வலது சுண்டுவிரல் நுழைந்து கருவியைத் தாங்கும். மூன்று விரல்கள்தான். அந்த மூன்றிலிருந்து கீழ்க்குரல், நடுக்குரல், மேல்குரல் என்று தனித்தனி ஆட்கள் பாடுவதுபோல மூன்று இழைகள் எழும். நாக்கைக் குறுக்குக் கம்பிக்கு அடியில் சற்று உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். ஊருக்கு ஊர், கைவினைஞருக்குக் கைவினைஞர் சுருதி அமைப்பு வேறுபடும். எது சரியானது என்று தீர்ப்புச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

வாசிக்கும்போது பலகையை டெஸே என்னும் பெரிய சுரைக்குடுக்கைக்குள் வைத்து ஆப்பு இறுக்குவார்கள். ஒலி பெருகும். அந்தக் குடுக்கையின் விளிம்பிலும் பலகையிலும் ஒருகாலத்தில் கிளிஞ்சல், நத்தை ஓடுகளைக் கட்டினார்கள். இப்போது சோடா பாட்டில் மூடிகள். ஒவ்வொரு சுரத்தோடும் அவை சேர்ந்து அதிர்ந்து ஒரு ரீங்காரம் கிளம்பும். மேற்கத்தியக் காதுக்கு இது இரைச்சலாகப் பட்டது. நம் காதுக்கு அப்படிப் படக் காரணம் இல்லை. தம்புராவின் குதிரைமேல் நூல் செருகி ஜீவா பிடிக்கிறவர்கள் நாம். தெளிந்த சுரம் தனியாக நின்றால் அது வறண்டு கிடக்கிறது, அதைச் சுற்றி ஒரு அதிர்வு சூழ்ந்தால்தான் உயிர் வருகிறது என்பது ஷோனாக்காரர்களும் நாமும் தனித்தனியே கண்டுகொண்ட ஒன்று.

கொட்டச்சேட்டுப் பெரியவருக்கும் அந்த ரீங்காரம்தான் பிடித்தது. "இது எதுக்கு வாசிக்கிறதுங்க?" என்று கேட்டார். முன்னோர்களுக்கு என்றேன். இரவு முழுக்க வாசிப்பார்கள், விடியும் நேரத்தில் ஒருவர்மேல் முன்னோர் இறங்கி வந்து வாக்குச் சொல்வார், மழை ஏன் பெய்யவில்லை, பிள்ளைக்கு ஏன் நோய் என்றெல்லாம் கேட்டுக்கொள்வார்கள் என்றேன். அவர் வியப்படையவில்லை. "இங்கயும் அப்படித்தானுங்க. மேளம் நின்னு அடிச்சாத்தான் சாமி வரும்" என்றார். அந்தச் சடங்குக்கு ஷோனாவில் பீரா என்று பெயர். நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு சாமிகளைப் பற்றிப் பேசுவதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

கொட்டச்சேட்டுக்கு மேலே காட்டின் முகம் மாறிவிடுகிறது. சில்வர் ஓக் நிழலில் காபி, மரங்களில் சுற்றிய மிளகு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காபியை இங்கே கொண்டுவந்ததிலிருந்து மலையின் பெரும்பகுதி தோட்டமாகிவிட்டது. ஏரி, படகுத்துறை, கடைகள் ஆகியவற்றைத் தாண்டி நேராக லேடீஸ் சீட்டுக்குப் போனோம். வெயில் தெளிவாக இருந்தால் அங்கிருந்து சேலம் நகரம் முழுக்கத் தெரியும். அதற்கு அப்பால், தென்மேற்கில், நீண்டு படுத்திருப்பது கஞ்சமலை.

கஞ்சமலை இரும்பு மலை. அதன் காந்தக்கல் தாதுவை உள்ளூர் மக்கள் ஆள்உயர மண் உலைகளில் கரியோடு இட்டு, துருத்தி ஊதி உருக்கினார்கள். கொங்குப் பகுதியில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த உலைகளும் மூசைகளும் இரும்பும் எஃகும் செய்யும் கை இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்று காட்டுகின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரான ஜோசையா மார்ஷல் ஹீத் இந்தத் தாதுவில் மயங்கித்தான் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். பெரும் செலவு செய்தும் அது நிலைக்கவில்லை. ஊருக்கு ஊர் எரிந்த சிறு உலைகளும் கப்பலில் வந்திறங்கிய சீமை இரும்பின் விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் அணைந்தன. இன்று கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை நிற்கிறது. பழைய உலைகள் இருந்ததற்குச் சாட்சி வயல்களில் கால் இடறும் இரும்புக் கிட்டம்தான்.

ஷோனா நாட்டிலும் இதே கதைதான். ஹ்வேட்ஸா மலையின் தாதுவை உருக்கி மண்வெட்டி செய்து, நெடுந்தூரம் விற்றுவந்த ஞ்சாஞ்சா மக்கள் அங்கே புகழ்பெற்ற கொல்லர்கள். ஞ்சாரி என்னும் ம்பீரா வகையும் அவர்களோடு சேர்த்தே பேசப்படுகிறது. மண்வெட்டி அடித்த அதே உலையில் அதே சுத்தியலால் அடித்த நாக்குகள்தான் பழைய ம்பீராக்களில் இருந்தன. தொழிற்சாலை இரும்பு வந்ததும் உலைகள் அணைந்தன. ஆனால் கருவி அணையவில்லை. ஆணி, கட்டில் ஸ்பிரிங், சைக்கிள் ஸ்போக்ஸ் எது கிடைத்தாலும் நெருப்பில் காய்ச்சித் தட்டையாக அடித்து நாக்காக்கிக்கொண்டார்கள். இங்கே நம் உலைகள் அணைந்தபோது அவற்றோடு எந்த ஒலிகள் போயின என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கஞ்சமலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வருத்தம் தந்தது அதுதான்.

இந்தக் கருவியைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய பழைய குறிப்பு ஜோவான் டோஸ் சாண்டோஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியாருடையது. 1586-ல் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் சோஃபாலா வந்திறங்கியவர். ஒன்பது இரும்பு நாக்குகள் கொண்ட 'அம்பிரா' என்ற கருவியைக் கட்டைவிரல்களால் மென்மையாக வாசிக்கிறார்கள் என்று 1609-ல் அச்சான தன் நூலில் எழுதினார். அதே சோஃபாலா வழியாகத்தான் அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் ஷோனா நாட்டுத் தங்கம் வெளியே போனது, இந்தியக் கண்ணாடி மணிகள் உள்ளே போயின. அந்த மணிகள் மகா ஜிம்பாப்வேயின் கல்மதில்களுக்குள் தோண்டியபோது கிடைத்தன. நாம் ஒருவருக்கொருவர் முற்றிலும் அந்நியர்களாக ஒருபோதும் இருந்ததில்லை.

அவருக்குப் பின்னால் வந்த மிஷனரிகள் அவ்வளவு பரிவோடு கேட்கவில்லை. ஆவி வழிபாட்டுக் கருவி என்று ம்பீராவைப் பேயின் பக்கம் தள்ளினார்கள். மிஷன் பள்ளிக்குப் போன பிள்ளைகள் அதைத் தொடக் கூசினார்கள். 1896-ல் வெள்ளையர் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில் நெஹாண்டா என்னும் முன்னோரின் வாக்கைச் சொன்ன சார்வே என்ற பெண் 1898-ல் தூக்கிலிடப்பட்டார். முன்னோர் பேசுவது அரசியல் என்று ஆட்சியாளர்களுக்கும் புரிந்துவிட்டது. 1970களின் விடுதலைப் போரில் ம்பீரா மறுபடி பேசியது. தாமஸ் மாப்ஃபூமோ தன் குழுவின் கிதார் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி ம்பீரா நாக்குபோல ஒலிக்கவைத்துப் பாடினார். அந்தப் பாட்டுகளுக்காகச் சிறைக்கும் போனார். 1980-ல் நாடு விடுதலை பெற்றது.

இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பெயர் ஸ்டெல்லா சிவேஷே. 1946-ல் பிறந்தவர். பெண் ம்பீரா வாசிப்பதை ஊர் ஏற்காத காலம். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, செய்துகொடுக்கக் கைவினைஞர் இல்லை. கடைசியில் தாத்தா முறை உறவினர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். 1974-ல் 'கசாஹ்வா' என்ற முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்தபோது கையில் இருந்தது இரவல் ம்பீரா. பிறகு அந்த இரவல் ம்பீராக்காரி உலக மேடைகளில் ம்பீராவின் அரசி என்று அழைக்கப்பட்டார். 2023-ல் காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2020-ல், ஜிம்பாப்வேயிலும் மலாவியிலும் இக்கருவியைச் செய்து வாசிக்கும் கலையை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது.

சென்னையிலும் சேலத்திலும் இளைஞர்கள் இன்று இணையக் கடைகளில் வாங்கும் 17 நாக்குக் கலிம்பா இந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளை. ஆப்பிரிக்க இசையைப் பதிவுசெய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஹியூ டிரேசி 1950களில் மேற்கத்திய சுரவரிசைக்கு ஏற்ப அமைத்து விற்கத் தொடங்கியதிலிருந்து அது பரவியது. பிள்ளைகள் அதில் இளையராஜா பாட்டு வாசிப்பதைக் கேட்டிருக்கிறேன், இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மன அழுத்தம் போக்கும் பொம்மை என்று பெட்டியில் அச்சடித்து விற்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. ரீங்காரத்தை எடுத்துவிட்டார்கள். சுரைக்குடுக்கையை எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும்விட, இரண்டாவது ஆளை எடுத்துவிட்டார்கள்.

ம்பீரா தனியாள் கருவி அல்ல. ஒருவர் குஷாவுரா வாசிப்பார், முன்னே நடக்கும் பகுதி. இன்னொருவர் குட்ஸின்ஹிரா வாசிப்பார், அதன் இடைவெளிகளில் நுழைந்து பின்னும் பகுதி. இரண்டும் சேர்ந்தபின் எந்தச் சுரம் யாருடையது என்று பிரிக்க முடியாது. ஹோஷோ என்னும் சுரைக் கிலுகிலுப்பை காலத்தைப் பிடித்து நிற்கும். ஒரு சுற்றுக்கு 48 மாத்திரை, 12 வீதம் நான்கு அடிகள். கர்நாடக இசை பழகியவர்களுக்கு இதில் பிடி உடனே கிடைத்துவிடும். ஆதி தாளத்தைத் திஸ்ர நடையில் போட்டால் இரண்டு ஆவர்த்தனத்துக்கு 48. ஆனால் தகிட தகிட என்று மூன்றாக எண்ணிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வேறொரு குரல் அதையே இரண்டிரண்டாகவும் நான்குநான்காகவும் எண்ணும். சுற்றுக்கு எடுப்பு எது, முடிப்பு எது என்று கட்டாயம் கிடையாது. எங்கே காதை வைக்கிறோமோ அங்கே தொடங்குகிறது.

மாலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். 5,326 அடி உயரத்தில், மலையின் உச்சியே சமவெளியாக விரிந்துகிடக்கும் இடம். கோயில் என்றால் கோபுரம் இல்லை. குனிந்து நுழைய வேண்டிய குகை, உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையாளிகள் எனப்படும் இந்த மலைவாழ் மக்களின் தெய்வங்கள் அவர்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழியினர் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். மூத்தவர் வழி சேர்வராயனில், மற்றவர்கள் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் இவர்களின் மணமுறை, உடை, திருவிழா எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இவர்களின் மேளம் எப்படி ஒலித்தது என்பதை எழுத்தால் பிடிக்க அவரால் ஆகவில்லை. ஷோனா இசைக்கு ஒரு டிரேசி கிடைத்தார், பின்னால் 1978-ல் ஒரு முழு நூலே எழுதிய பால் பெர்லினர் கிடைத்தார். சேர்வராயன் மலை மேளத்துக்கு அப்படியொரு உழைப்பு சேர வேண்டும்.

கோயிலுக்கு வெளியே புல்வெளியில் உட்கார்ந்து நான் 'கரிகமோம்பே' வாசித்தேன். ம்பீரா கற்கிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் பாடம் அது. நண்பர் மோர்சிங்கைப் பல்லில் வைத்தார். 1914-ல் ஹோர்ன்பாஸ்டலும் சாக்ஸும் உலகக் கருவிகளை வகைப்படுத்தியபோது மோர்சிங்கும் ம்பீராவும் ஒரே வீட்டின் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வந்து சேர்ந்தன. இரண்டும் நாக்கைத் தெறித்து வாசிப்பவை. மோர்சிங்குக்கு ஒரே நாக்கு, சுரைக்குடுக்கைக்குப் பதில் வாசிப்பவரின் வாய். சுருதி இறங்க வேண்டுமென்றால் நாக்கின் நுனியில் துளி தேன்மெழுகு வைப்பார்கள். மிருதங்கத்தின் சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லும் அந்தச் சிறு இரும்பை பீமாச்சார், ஸ்ரீரங்கம் கண்ணன் போன்றவர்கள் கச்சேரி மேடையில் எந்த உயரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். நண்பர் முதலில் என் சுற்றின்மேல் ஆதி தாளத்தைப் போட்டார். ஒட்டவில்லை. பிறகு என் இடைவெளிகளை மட்டும் கேட்டு, அவற்றுக்குள் புகுந்தார். அதற்கப்புறம் நிறுத்த மனம் வரவில்லை.

கோயிலுக்கு வந்திருந்த மலைக் கிராமத்து இளைஞர்கள் சிலர் சுற்றி வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் திருவிழாவில் மேளம் அடிப்பவர். காலியான தண்ணீர்க் கேனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, சற்று நேரம் விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் இறங்கினார். நான் மூன்றாக நினைத்துக்கொண்டிருந்ததை அவர் இரண்டாகப் பிடித்தார். சுற்று சட்டென்று வேறு பாட்டாகத் திரும்பியது, ஒரு சுரம்கூட மாறாமல்.

"இது எங்கண்ணா முடியுது?" என்றார் அடித்துக்கொண்டே.

"முடியாது. அவங்க விடிய விடிய வாசிப்பாங்க."

"அப்ப நம்ம அடி மாதிரிதான். சாமி எறங்குற வரைக்கும் கைய எடுக்கக் கூடாதுன்னு எங்க தாத்தா சொல்லும்."

தாத்தாவிடம் கற்ற அடிகள் எத்தனை என்று நண்பர் கேட்டார். அவர் கேனில் ஒவ்வொன்றாக அடித்துக் காட்டத் தொடங்கினார். சாமி அழைக்கும்போது ஒன்று, மலை ஏறும்போது ஒன்று, சாவு வீட்டுக்கு ஒன்று. சாவு அடியை மட்டும் கோயில் வாசலில் அடிக்க மாட்டேன் என்று, கீழே பாறைப் பக்கம் எங்களை அழைத்துப் போய் அடித்தார். நண்பர் கைப்பேசியில் பதிவுசெய்துகொண்டே வர, அடிகளின் வரிசையில் எது முன்னே எது பின்னே என்று இளைஞர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ஒருவர் கைப்பேசியில் ஊருக்கு அழைத்துத் தன் பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா அந்தப் பக்கத்திலிருந்து வாயாலேயே அடியைச் சொல்ல, கேன் வைத்திருந்தவர் அதைக் கேட்டுத் திருத்தி அடித்தார். கடைசிப் பேருந்து ஹாரன் அடிக்கும் வரை மறுபடி மறுபடி அடித்தார். வைகாசித் திருவிழாவுக்கு வந்தால் பெரியப்பாவே எல்லா அடியையும் மேளத்தில் காட்டுவார் என்றும், இந்த இரும்புப் பெட்டியைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, நண்பரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டு ஓடினார்.